மஞ்சள், வெள்ளை, சிவப்பு!

ஒரு டிவிக்கு என்ன வயது என்று தெரிய வேண்டுமானால் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். பின்னால் இரண்டு திருகாணிகள் மட்டும் இருந்தால் அது தூர்தர்ஷன் காலத்து டிவி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்டமாக மூன்று துளைகள் இருந்தால் டெக், வி.சி.டி. காலத்தைப் பார்த்தது. சப்பையான ஓட்டைகள் மட்டும் இருந்தால் அது நேற்றுப் பிறந்தது.

இந்த ஜாதகம் பார்க்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. கோவில்பட்டியில் 1984 முதல் 1999 வரை டெக் வாடகைக் கடை வைத்திருந்தவர். இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு ‘டெக் வாடகை’ என்றால் புரியாது. ஒரு கலர் டிவி, ஒரு வீடியோ டெக், மூன்று படக் கேசட். ஒரு ராத்திரிக்கு வாடகை. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, தீபாவளிக்கு முந்தின இரவு என்று எல்லாவற்றுக்கும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சைக்கிள் கேரியரில் ஜமுக்காளம் சுற்றிய டிவி. பின்னால் இன்னொரு சைக்கிளில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு நான்.

போய் இறங்கியதும் கூட்டம் டிவி முன்னால் இடம் பிடிக்கும். அப்பா டிவிக்குப் பின்னால் போய்விடுவார். அவருடைய இடம் அதுதான்.

அந்தக் கால டிவிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், ஆன்டெனா வழி. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் தட்டையான பட்டை ஒயரை அந்த இரண்டு திருகாணிகளில் மாட்டுவார்கள். எங்கள் பக்கம் இலங்கையின் ரூபவாஹினி பார்ப்பதற்காகவே தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்ட வீடுகள் உண்டு. டிவிக்கு வேறு வாசல் இல்லாததால் டெக்கும் அந்த ஆன்டெனா வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

எப்படிப் போகும்? டெக் தன்னை ஒரு குட்டி டிவி நிலையமாக மாற்றிக்கொள்ளும். கேசட்டில் இருக்கும் படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, ஒரு சேனலின் அலையில் ஏற்றி, ஒயர் வழியாக அனுப்பும். டிவி அதைத் தூர்தர்ஷன் போலவே இன்னொரு நிலையம் என்று நினைத்துக்கொண்டு பிரித்து எடுக்கும். அந்தச் சேனலைப் பிடிப்பதற்கு டிவியின் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முதலில் வெறும் புள்ளி மழை. பிறகு உருவம். பிறகு கறுப்பு வெள்ளையில் முகம். கடைசியில் கலர் ஒட்டிக்கொள்ளும்போது கூட்டத்திலிருந்து ஒரு விசில் வரும். அந்த விசில் கதாநாயகனுக்கு இல்லை, அப்பாவுக்கு என்றுதான் சிறுவயதில் நான் நம்பியிருந்தேன்.

தட்டை ஒயருக்கும் உருண்டை ஒயருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் அப்பாவிடம்தான் கற்றேன். ஒன்று 300 ஓம், மற்றது 75 ஓம். இரண்டையும் சும்மா முறுக்கி இணைத்தால் அலை முட்டித் திரும்பும். திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு பேய் முகம் நிற்கும். நடுவில் ஒரு சின்ன டப்பாவை மாட்டினால் பேய் ஓடிவிடும். ‘‘சம்பந்தி வீட்டுக்கு நடுவுல ஒரு தரகர் வேணும்ல, அது மாதிரி’’ என்பார்.

1990-களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வந்தன. உண்மையில் அந்தப் பின் மிகவும் பழையது. அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன், இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்கக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் பெயரால்தான் இன்றும் ஆர்.சி.ஏ. பின் என்கிறார்கள். பாட்டுக்காகப் பிறந்த பின், பிற்பாடு படத்தையும் தூக்கிச் சுமந்தது. மஞ்சளில் படம், வெள்ளையில் இடது காதுக்கான சத்தம், சிவப்பில் வலது காதுக்கான சத்தம். சேனல் பிடிக்கும் வேலை ஒழிந்தது. படிக்காதவர்கள்கூட நிறத்துக்கு நிறம் செருகினால் போதும். நான் பார்த்தவற்றில் இதைவிட எளிமையான இணைப்பு இன்னும் வரவில்லை.

ஆனாலும் மஞ்சளுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சம், நிறம் இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும். பிரித்தெடுக்கும்போது டிவி குழம்பிவிடும். நெருக்கமான கோடு போட்ட சட்டையில் செய்தி வாசிப்பவர் வந்தால் அந்தக் கோடுகளில் வானவில் நெளியும், கவனித்திருப்பீர்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் நாலு முள் எஸ்-வீடியோ வந்தது. பிறகு பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கம்பிகளில் படத்தைப் பிரித்து அனுப்பும் காம்பொனன்ட் வந்தது. ஐரோப்பாவில் இதே காலத்தில் 21 முள் கொண்ட ஸ்கார்ட் என்ற பெரிய பின் வீட்டுக்கு வீடு இருந்தது, பிரான்சில் பிறந்தது. நம் ஊரில் மூவர்ண ஒயர்தான் ராஜா.

கம்ப்யூட்டர் பக்கம் வேறு கதை. 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ.-வைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 முள், இரண்டு பக்கமும் திருகு, பெரும்பாலும் நீல நிறம். கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் கற்ற தலைமுறைக்கு அந்த நீலப் பின் மறக்காது. ஒரு முள் வளைந்தால் திரை முழுக்க மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா, சாம்சங், எல்.ஜி. எல்லாம் சேர்ந்து, 2015-க்குள் வி.ஜி.ஏ.-வை வழியனுப்பப் போவதாக 2010-ல் அறிவித்தன. எத்தனையோ மீட்டிங் ஹால் புரொஜெக்டர்களில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை சொன்ன எல்லா ஒயர்களிலும் ஓடியது அலை. அலை என்றால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். பின் லூஸாக இருந்தால் படம் மங்கும். ஒயர் நைந்தால் புள்ளி விழும். ‘கொஞ்சம் மோசம்’, ‘ரொம்ப மோசம்’, ‘பரவாயில்லை’ என்று நடுவில் ஏகப்பட்ட படிகள். அந்தப் படிகளில்தான் அப்பாவின் பிழைப்பு நடந்தது. பின்னைச் சற்றே திருப்பி வைப்பார். துணியால் துடைத்துச் செருகுவார். ஒயரை ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். படம் ஒரு படி மேலே ஏறும்.

1999-ல் டி.வி.ஐ. வந்தபோது இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. அலை போய் எண்கள் வந்தன. 2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.-யின் முதல் பதிப்பை வெளியிட்டன. 19 முள். படமும் சத்தமும் ஒரே ஒயரில். நீங்கள் இன்று செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குச் செருகியிருப்பது இதன் பேரன்தான்.

இந்த ஒயர் படம் காட்டுவதற்கு முன் பேச்சுவார்த்தை நடத்தும். முதலில் டிவி தன் தகுதியைச் சொல்லும்: ‘நான் இந்தக் கம்பெனி, இத்தனை புள்ளி காட்டுவேன், இந்தச் சத்தம் எனக்கு ஆகும்.’ அதற்கேற்பப் பெட்டி படத்தைத் தயார் செய்யும். காப்புரிமை உள்ள படமாக இருந்தால் இன்னொரு விசாரணையும் உண்டு: ‘நீ நம்பத்தகுந்த டிவிதானா? திருட்டுப் பிரதி எடுக்கும் பெட்டி இல்லையே?’ இந்த ரகசியக் கைகுலுக்கல் முடிந்தால்தான் படம் வரும். எங்காவது ஒரு பதில் தப்பினால் கறுப்புத் திரை. ‘நோ சிக்னல்.’

இதன் பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வி.ஜி.ஏ. தொடங்கியபோது அதன் படத்தில் 640-க்கு 480, அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள். இன்றைய 4கே டிவியில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். சரியாக 27 மடங்கு. இவ்வளவையும் மயில்கழுத்துப் பச்சை மயில்கழுத்துப் பச்சையாகவே வரும்படி வினாடிக்கு 60 தடவை அனுப்புவது அலையால் ஆகிற காரியமில்லை. 2017-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1 வினாடிக்கு 48 ஜிகாபிட் வரை தாங்கும். முதல் பதிப்பைவிட ஏறக்குறைய பத்து மடங்கு.

ஆனால், நடுவில் இருந்த படிகள் போய்விட்டன. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. கை வைக்க இடமில்லை.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. சென்னையில் என்னோடு இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் புது டிவி வாங்கினோம். டெலிவரி பையன்கள் போனதும் அப்பா வழக்கப்படி பின்பக்கம் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று சப்பை ஓட்டைகள், ஒரு யு.எஸ்.பி., ஒரு லேன். விரலால் ஒருமுறை தடவினார்.

‘‘மஞ்ச எங்கம்மா?’’

‘‘அதெல்லாம் இப்ப வர்றதில்லப்பா.’’

‘‘ஓஹோ’’ என்றார். வந்து சோபாவில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு டிவியின் பின்னால் அவர் போகவே இல்லை. ரிமோட்டில் ‘இன்புட்’ மாறிப்போய்த் திரை கறுத்துவிட்டால், என் பேரன் வயதுப் பையன் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து வரும் வரை அமைதியாக உட்கார்ந்திருப்பார். ஒரு ஊருக்கே படம் வரவைத்தவர். எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

போன மார்கழியில் என் மகளுக்கு ஏழாவது மாதம். தை பிறந்ததும் வளைகாப்பு என்று முடிவானது. அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆச்சியின் பாட்டு.

ஆச்சி என்றால் அப்பாவின் அம்மா. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தாலும் வளையலை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே ஆச்சி ஒரு நலங்குப் பாட்டுப் பாடுவாள். புத்தகத்தில் இருக்கும் பாட்டு இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களே கட்டிய பாட்டு. ஒரு வளையலுக்கு ஒரு பெயர். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்கள், அந்த வீட்டில் பிறந்து போன பெண்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக வரும். என் வளைகாப்பு 1995-ல். அதற்குப் பாடியதுதான் ஆச்சி கடைசியாகப் பாடியது. 1998-ல் போய்விட்டாள்.

‘‘முதல் ரெண்டு பேரு தெரியும். அதுக்குப் பெறகு ராகம் தொண்டையில நிக்கி, வெளிய வரமாட்டேங்கி’’ என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தின் பத்திரங்களில் ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்கள் இருக்கின்றன. பெண்களின் பெயர்கள் அந்தப் பாட்டில் மட்டும்தான் இருந்தன.

என் வளைகாப்பை வீடியோ எடுத்திருந்தோம். டெக் கடைக்காரர் மகளுக்கு வீடியோ இல்லாமலா? தோளில் வைத்து எடுக்கும் வி.எச்.எஸ். கேமரா. கேசட் கோவில்பட்டி வீட்டுப் பரணில் இருந்தது. அதனுடன் அப்பாவின் கடைசி டெக், ஒரு 21 அங்குலப் பழைய டியூப் டிவி, மூட்டை மூட்டையாக ஒயர்கள். தம்பி காரில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தான்.

கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் டேப்பின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. டெக்கைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் உருகி, வெல்லப்பாகுபோல் ஒட்டிக் கிடந்தது. ‘‘பூஞ்சையோட ஓட்டக் கூடாது. டெக்கோட தலையும் போயிரும், டேப்பும் போயிரும்’’ என்றார் அப்பா. அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து அவர் குரலில் பழைய அதிகாரம் கேட்டது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பால்கனியில் உட்கார்ந்து, கேசட்டின் திருகுகளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் டேப்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்துச் சுற்றினார். இரண்டு நாள் ஆனது. டெக்குக்கு ஒரு பழைய மெக்கானிக்கைத் தேடிப்பிடித்துப் பெல்ட் மாற்றினோம்.

இனி டெக்கைப் புது டிவியில் மாட்ட வேண்டும். டெக்கில் மஞ்சளும் வெள்ளையும், டிவியில் எச்.டி.எம்.ஐ. நடுவில் தரகர் வேண்டுமே? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைப் பையன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: ‘‘அக்கா, ஏ.வி.-ல இருந்து எச்.டி.எம்.ஐ.-யா, எச்.டி.எம்.ஐ.-ல இருந்து ஏ.வி.-யா?’’ இரண்டு டப்பாக்களும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்று செய்வதை மற்றது செய்யாது. அலையை எண்ணாக மாற்றுவது ஒன்று, எண்ணை அலையாக மாற்றுவது ஒன்று. பழைய டெக்கைப் புது டிவியில் பார்க்க முதல் வகை வேண்டும். நீங்கள் வாங்கப் போனால் இதை மறக்காதீர்கள்.

மாட்டினோம். கேசட்டைத் தள்ளினோம். வீடே டிவி முன்னால். கோயில் வாசல், வாழைமரம், கலங்கலாக யாரோ. அம்மா ‘‘அந்தா... அந்தா’’ என்று எழுந்தாள். அதற்குள் நீலத் திரை. மறுபடி இரண்டு வினாடி படம். மறுபடி நீலம். பிறகு ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்து, போகாமல் நின்றது.

மாப்பிள்ளை வேறொரு டப்பாவில், லேப்டாப்பில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே நீலம். ‘‘டேப் போச்சு அத்தை’’ என்றார் மெதுவாக.

அப்பா எழுந்தார். ‘‘டேப் போகல. இந்த டிவிக்குப் பொறுமை இல்ல. அந்தப் பழசை எடுங்க’’ என்றார்.

பழைய டியூப் டிவியைத் தூசி தட்டி, மஞ்சள் ஒயரைச் செருகினோம். படம் வந்தது! மேல் பாதி வளைந்து ஆடியது, குறுக்கே புள்ளிக் கோடு ஓடியது, கலர் வந்து வந்து போனது. ஆனால் வந்தது. நிற்காமல் வந்தது.

என்ன நடந்தது என்று அப்பா சொன்னதையும், மாப்பிள்ளை பிறகு படித்துச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். படத்தின் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு டேப்பில் ஒரு மணிச் சத்தம்போல ஒரு குறி இருக்கும். முப்பது வருடம் பரணில் வெந்த டேப் கொஞ்சம் நீண்டும் சுருங்கியும் போயிருக்கும். மணி சற்று முந்தியோ பிந்தியோ அடிக்கும். பழைய டிவி, தாமதமாக வந்த பிள்ளையை ‘சரி, உள்ள வா’ என்று விடும் வாத்தியார். கோடு இரண்டு மயிரிழை தள்ளி விழும், படம் ஆடும், அவ்வளவுதான். எங்களிடம் இருந்த டப்பாக்களோ மணி அடித்ததும் கேட்டை இழுத்துச் சாத்தும் காவல்காரர்கள். குறி கொஞ்சம் பிசகினால், வந்ததே சிக்னல் இல்லை என்று முடிவு கட்டிவிடும். பிசகிய மணியை நேராக்கித் தரும் கருவி உண்டு. படக் காப்பகங்களில் வைத்திருப்பார்கள். எங்களிடம் இல்லை. வளைகாப்புக்கு நான்கு நாள்தான் இருந்தது.

‘‘படம் கெடக்கட்டும். சத்தம் தனி ரோட்டுல வருது’’ என்றார் அப்பா. இது அவருக்கு அத்துப்படி. அந்த மாதிரிக் கேமராவில் எடுத்த வி.எச்.எஸ். டேப்பில் படம், சுழலும் உருளையால் சாய்சாய்வான கோடுகளாக எழுதப்பட்டிருக்கும். சத்தம் டேப்பின் ஓரத்தில் ஒரே நேர்கோடாக ஓடும். அதைப் படிக்கும் தலையும் வேறு. அதனால் படம் சிதைந்த இடத்திலும் சத்தம் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

மாப்பிள்ளையிடம் பாட்டுப் பதிவுக்கான சின்ன யு.எஸ்.பி. பெட்டி ஒன்று இருந்தது. அதன் வாயோ பெரிய மைக் பின்னுக்கானது. டெக்கின் வெள்ளை ஒயர் அதில் போகாது. அப்பா மூட்டையிலிருந்து ஒரு ஏ.வி. ஒயரை எடுத்து, நடுவில் வெட்டி, முனையைப் பல்லால் சீவப்போனவரை நிறுத்திக் கத்தி கொடுத்தேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். கை நடுங்கியது. மேஜை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டதும் நடுக்கம் நின்றது. நடுக்கம்பிக்கு ஒரு பொட்டு ஈயம், வலைக்கம்பிக்கு ஒரு பொட்டு. ஊதினார். ‘‘போடு.’’

மஞ்சள் ஒயர் பழைய டிவிக்கு. வெள்ளை ஒயர் மாப்பிள்ளை பெட்டிக்கு. டிவித் திரையை ஸ்டாண்டில் வைத்த செல்போனால் படம் பிடித்தோம். முதலில் திரையில் கறுப்புப் பட்டை உருண்டது. நம் ஊர் டிவி முறை வினாடிக்கு 25 படம். போனின் கேமரா ஆப்பிலும் வேகத்தை 25 என்றும், ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்றும் மாற்றியதும் பட்டை அடங்கியது.

முதலில் மைக் செட் பாட்டு. பிறகு ‘லைட்டைத் தூக்கிப் பிடிலே’ என்று ஒரு குரல். யாரோ குழந்தை அழுகிறது. படத்தில் புள்ளி மழை மட்டும்தான். அதன் நடுவே ஆச்சி தொண்டையைச் செருமினாள்.

நாலு நிமிடம் பாடியிருக்கிறாள். ஒரே ஒரு இடத்தில் டேப் கசங்கி ஒரு பெயர் விழுங்கப்பட்டுவிட்டது. மற்றபடி பதினொரு பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. அம்மாவுக்கே தெரியாத ஐந்து பெயர்கள் அதில். ஊர் பெயரோடு, யாருக்கு வாக்கப்பட்டாள் என்பதோடு. பன்னிரண்டாவது வளையலுக்கு ஆச்சி என் பெயரைச் சொல்கிறாள். அதற்கும் பிறகு, வயிற்றில் இருக்கும் பெயரில்லாதவளுக்கும் ஒரு வளையல் போடுகிறாள். அந்தப் பெயரில்லாதவள், ஏழு மாத வயிற்றோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா தன் அம்மாவின் குரலைக் கேட்டு இருபத்தேழு வருடமாகியிருந்தது. ‘‘ஹம் கொஞ்சம் இருக்கு. எர்த் சரியில்ல’’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

பழசுதான் உசத்தி, புதுசு மட்டம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாலு நிமிடம் எண்ணாக மாறிய பிறகுதான் அதற்கு உயிர் கெட்டியானது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். எண்ணைப் பிரதி எடுத்தால் நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. அன்று ராத்திரியே குடும்ப குரூப்பில் எல்லார் போனுக்கும் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி அழுதுகொண்டே போன் செய்தாள். பட்டை ஒயராலும் மஞ்சள் ஒயராலும் இது முடியாது.

வாசல் மாறும்போதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை பின் மாறும்போதும், பழைய வாசலுக்கு வெளியே சில பொருள்கள் நின்றுவிடுகின்றன. கடையில் யாரும் அதை அறிவிப்பதில்லை. 1976-ல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது உலகத்தில் இருப்பதெல்லாம் பழைய டெக்குகள் மட்டுமே. 2019-ல் யுனெஸ்கோவும், ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கின. 2025 வாக்கில் உலகின் பல இடங்களில் டேப்பை ஓட்டிப் பார்க்கவே வழியிருக்காது என்பது நிபுணர்களின் கணிப்பு. அந்த 2025-ம் வந்துவிட்டது.

அதனால், உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவுக்கு மேலோ கேசட் இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். மாற்றிக்கொடுக்கும் ஸ்டூடியோவில் ‘நீலத் திரை வருகிறது, டேப் போய்விட்டது’ என்றால் உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். சத்தமாவது வருமா, பழைய டியூப் டிவியில் வருமா என்று ஒருமுறை கேளுங்கள். மாற்றியதை ஒரே போனில் வைக்காதீர்கள். இரண்டு இடத்திலாவது இருக்கட்டும்.

இன்றைய வாசலும் நிரந்தரமில்லை. 2006-ல் டிஸ்பிளேபோர்ட் வந்தது. 2014-ல் டைப்-சி வந்தது: 24 முள், எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும், சார்ஜும் படமும் தகவலும் ஒரே வழியில். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதுப் போன்களுக்கு அது கட்டாயம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே எல்லாப் போனும் ஒயர் மூலம் டிவியில் படம் காட்டிவிடாது. அந்த வசதியைக் கம்பெனி உள்ளே வைத்திருக்க வேண்டும். வாசல் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டார். அடாப்டர் வாங்கும் முன் போனின் விவரக் குறிப்பைப் பாருங்கள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அம்மா பாடினாள். கசங்கிப்போன அந்த ஒரு பெயர் வரும் இடத்தில் பாட்டை நிறுத்தாமல் வாய்க்குள்ளேயே முனகி, வளையலை மட்டும் ஏற்றினாள். என் மகள் இப்போது முழுப் பாட்டையும் பாடுகிறாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது.

அப்பா மறுநாளே தன் ஒயர் மூட்டைகளை அவிழ்த்துக் கூடத்தில் பரப்பினார். ‘‘எதுக்குப்பா, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டிரலாமே’’ என்றான் தம்பி. அப்பா காதில் வாங்கவில்லை. காலண்டர் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு ஒயரிலும் நூலால் கட்டி, தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். ‘டெக் - டிவி, படம் மட்டும்.’ ‘ஆன்டெனா, தரகர் டப்பாவோட மாட்டணும்.’ ‘கம்ப்யூட்டர், திருகை இறுக்காதே.’ ‘ஆச்சி பாட்டு ஒயர், யாருக்கும் கொடுக்காதே.’

கடைசியில் கறுப்பு எச்.டி.எம்.ஐ. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதற்கும் ஓர் அட்டை கட்டினார்.

‘புதுசு. நல்ல ஒயர். கேள்வி கேக்கும்.’